மூன்றாம் பக்கத்தில் என் தும்மல்

செவ்வாய்க்கிழமை எடுத்த படம்
வியாழக்கிழமைதான் வந்தது,
மூன்றாம் பக்கத்தில், டயர் விளம்பரத்துக்கு மேலே.
இடது ஓரம், வாய் பிளந்து, கண் இறுக மூடி,
மார்பில் ஒரு கை வைத்து நிற்பது நான்.
"கதிகலங்கி நிற்கும் கடைக்காரர்" என்று
கீழே பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள்.

நடுவில் தோலக்கேலே.
தலைக்கு மேல் ஓங்கிய கை.
கையில் கல்.

டர்பனில், பாலத்தடிச் சந்தையில்,
பதினோரு வருஷமாக
அவள் தரையில் சாக்கு விரிக்கிறாள்,
நான் சிமெண்ட் மேடையில் மிளகாய் குவிக்கிறேன்.
எனக்கு நகராட்சி உரிமம் உண்டு, கண்ணாடிச் சட்டத்துக்குள்.
அவளுடைய விண்ணப்பம் ஆறு வருஷமாக
எந்த மேசையிலோ தூங்குகிறது.
அவள் கழிப்பறைக்குப் போனால் அவள் சாக்குக்கு நான் காவல்.
நான் சில்லறைக்கு அலைந்தால் என் தராசுக்கு அவள்.

அன்று காலை லாரி வந்தது.
சீருடைக்காரர் அவளுடைய இரண்டு மூட்டை மடும்பியைத் தூக்கி
உள்ளே எறிந்தார், குப்பையோடு குப்பையாக.
உருண்டு விழுந்த ஒரு கிழங்கை,
மண் அப்பிய, மயிர் முளைத்த ஒரு மடும்பியை,
அவர் முகத்துக்கு நேரே உயர்த்திக் கேட்டாள்,
முதலில் ஜூலுவில், பிறகு ஆங்கிலத்தில்:
இதுவா குப்பை? பார்த்துச் சொல். இதுவா?

அந்த நேரம் பார்த்து
என் காய்ந்த மிளகாய் மூட்டையை யாரோ மிதித்தார்கள்.
நான் தும்மினேன்.

அவ்வளவுதான்.
கேமராவுக்கு அதற்குமேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை.
லாரி நின்ற வலது பக்கத்தை நறுக்கிவிட்டார்கள்.
கறுப்பு வெள்ளை அச்சில்
கிழங்குக்கும் கல்லுக்கும் என்ன வித்தியாசம்,
தும்மலுக்கும் திகிலுக்கும்தான் என்ன வித்தியாசம்.

செய்தியை மூன்று முறை படித்தேன்.
பொய் என்று விரல் வைக்க ஒரு வரி கிடைக்கவில்லை.
சரக்குகள் அகற்றப்பட்டன. ஆமாம்.
பதற்றம் நிலவியது. ஆமாம், நிலவியது, நிலா மாதிரி,
யாரும் ஏற்றாமல் தானாக.
தோலக்கேலேவுக்கு மட்டும்தான் செய்வினை:
ஓங்கினாள், கத்தினாள், மறித்தாள்.
லாரிக்கு எல்லாமே பட்டது, பட்டது, பட்டது.

சாட்ஸ்வொர்த்திலிருந்து கொழுந்தன் தேவராசு போன் செய்தான்.
"அண்ணி, நல்லவேளை, அடி ஒண்ணும் படலையே?
அவங்களை நம்பாதீங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்."
தும்மல் என்றேன். சிரித்தான்.
"அதிர்ச்சியிலே இருக்கீங்க, தூங்குங்க" என்றான்.

பத்திரிகைக்கே போன் போட்டேன்.
ஒரு பெண் பொறுமையாகக் கேட்டாள்,
லோகாம்பாள் என்பதை எழுத்துக்கூட்டச் சொன்னாள்.
"அப்படியென்றால் நீங்கள் பயப்படவில்லை?"
இல்லை.
"கொஞ்சம்கூட?"
லாரியைப் பார்த்துக் கொஞ்சம்.
"குறித்துக்கொண்டேன்" என்றாள். எதை என்று சொல்லவில்லை.

இரவு தூக்கம் வரவில்லை. கோபத்தினால் இல்லை.
போன குளிர்காலம், இதே மூன்றாம் பக்கம்,
வேறொரு ஊர், வேறொரு ஓங்கிய கை.
அந்த ஊரில் நான் இல்லை. அதனால் நம்பினேன்.
மறுநாள் முதல் வேலையாகக் கதவுக்கு
இன்னொரு பூட்டு வாங்கினேன், நூற்றெண்பது ராண்ட்.
தோலக்கேலேதான் கடையைப் பார்த்துக்கொண்டாள்,
பூட்டு எதற்கென்று கேட்கவில்லை.
அந்தப் படத்தில் வலது பக்கம் எதை நறுக்கினார்களோ.
அந்தக் கல் எந்தக் கிழங்கோ.
கல்லேதானோ.
இப்போது எப்படித் தெரியும்.

வெள்ளிக்கிழமை அவளிடம் தாளைக் காட்டினேன்.
வெகுநேரம் பார்த்தாள்.
"நல்ல எடையுள்ள கிழங்கு" என்றாள்.
"உனக்கு ஒரு கடைவாய்ப் பல் இல்லை, தெரிகிறது."
பிறகு பக்கத்தை நாலாகக் கிழித்து
வந்தவர்களுக்கு மடும்பி கட்டிக்கொடுத்தாள்,
குவியல் இருபது ராண்ட்.
என் வாய் ஒருவர் பையில் போயிற்று,
அவள் கை இன்னொருவர் பையில்.